கைறுன்னிஸா ஊட்ட வேண்டாம்

"நீங்க ஊட்ட வேணாம் மிஸ்ஸி. டினோஷா மிஸ்ஸி வரட்டும்."

புஸ்பம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மதியச் சோற்றுடன் நின்ற தாதி கைறுன்னிஸாவுக்கு முகம் செத்துப்போனது.

பக்கத்துக் கட்டில்காரியிடம் ஆய்வுக்காகக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த தனுஷியா நிமிர்ந்து பார்த்தாள். டொக்டர், தாதி, நோயாளி எல்லாரிடமும் ஊர், படிப்பு, இனம், மதம் கேட்டு, அதனால் கவனிப்பில் வித்தியாசம் வருகிறதா என்று பார்ப்பதுதான் அவளுடைய பல்கலைக்கழக ஆய்வு. இதுவரை எல்லாரும் நல்லபிள்ளைப் பதில்தான் சொல்லியிருந்தார்கள். இதோ, உண்மை வெளியே வந்துவிட்டது.

வவுணதீவுப் பக்கம் வயல் வரம்பில் வழுக்கி விழுந்து, இரண்டு கையிலும் பிளாஸ்டரோடு வந்தவள் புஸ்பம். துணைக்கு ஆளில்லை. போன கிழமை முழுக்க ஊட்டிவிட்டது கைறுன்னிஸாதான். நேற்றிலிருந்து அந்தக் கை ஆகவில்லை. பார்க்க வந்த சொந்தக்காரர் யாரோ எதையோ காதில் ஓதிவிட்டுப் போயிருக்க வேண்டும் என்று தனுஷியா நினைத்தாள்.

மற்றத் தாதி டினோஷாவிடம் தட்டைக் கொடுத்துவிட்டு வந்த கைறுன்னிஸா, தனுஷியாவிடம் மெல்லச் சொன்னாள்.

"வேற வார்டுக்கு மாத்தித்தரச் சொல்லிக் கேக்கப் போறன், தங்கச்சி. நான் என்ன பிழை விட்டன் எண்டு விளங்குதில்ல."

தனுஷியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாப்பாடு முடியும்வரை பொறுத்திருந்து, நேரே புஸ்பத்தின் கட்டிலுக்குப் போனாள்.

"ஏனம்மா, சோறு ஊட்டுற கையிலயும் இனம் பாக்கிறதா?"

புஸ்பம் திகைத்துப்போனாள். கைறுன்னிஸா அருகில் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"என்ன மகள் கதைக்கிறாய்? அந்தப் பிள்ளை நேத்துத் தொட்டு நோன்பு. பச்சத்தண்ணி படாத வாயோட நிக்கிறவள, கறி மணக்க மணக்கப் பிசைஞ்சு எனக்கு ஊட்டச் சொல்லவா? காரணத்தச் சொன்னா 'பரவாயில்லம்மா' எண்டு ஊட்டத்தான் வருவாள். அதான் மூஞ்சயத் திருப்பினன்."

தனுஷியா கைறுன்னிஸாவைத் தேடி ஓடினாள்.

வார்டு முழுக்க மதம் கேட்டு எழுதிய அவளுக்கு, நோன்பு தொடங்கியதுகூட நினைவில்லை.