பாய்ந்த ராஜா

ஹட்டன் சதுரங்கப் போட்டியின் கடைசி ஆட்டம். தகரக் கூரையில் மழை இரைகிறது. இந்தக் குளிரிலும் மஸ்கெலியாத் துணிக்கடை அழகுமுத்துவின் திருநீறு வியர்வையில் கரைகிறது. மூலையில் நெருக்குண்டு நிற்கும் தன் ராஜாவைச் சட்டென்று தூக்கி, குதிரை மாதிரி ஒரு பாய்ச்சல் பாயவிடுகிறார். எதிரே உட்கார்ந்து ஆடும் தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கர் முத்துலிங்கம், “நல்ல பாய்ச்சலுங்க முதலாளி” என்று தலையாட்டுகிறார். ஊர் ஆட்டத்தில், இன்னும் செக் வாங்காத ராஜா ஒரே ஒரு தடவை அப்படிப் பாயலாம். கடைவாசலில் இத்தனை வருசமும் இருவரும் அப்படித்தான் ஆடுகிறார்கள். நடுவர் குனிகிறார். “இங்க வெள்ளக்காரன் சட்டங்க. ராஜா பாயக் கூடாது. ஆனா தொட்டுட்டீங்க, அதத்தான் நகத்தணும்.” ராஜா பழைய கட்டத்துக்குத் திரும்புகிறது. அங்கிருந்து போக ஒரே கட்டம்தான் இருக்கிறது. அழகுமுத்து அதில் வைத்துவிட்டு, மனமில்லாமல் விரலை எடுக்கிறார். முத்துலிங்கத்தின் யானைக்கு வழி நேராகத் திறந்து கிடக்கிறது. ஒரு நகர்த்தலில் ஆட்டம் முடிந்துவிடும். மேசை ஓரத்து வெள்ளிக் கோப்பையில் ஜன்னல் வெளிச்சம் நடுங்குகிறது. பாய்ச்சலை மெச்சிய வாய்க்கு இப்போது செக் சொல்ல வரவில்லை. யானையின் தலையில் வைத்த விரல் அப்படியே நிற்கிறது. அழகுமுத்து பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்கிறார்: “தொட்டுட்டீங்க கிளாக்கரய்யா. ஆடுங்க.”