வீட்டில் ஐந்து பேர்

தெலுங்கு மாநிலத்து எல்லைக்குள் இருக்கும் பாலசமுத்திரம் பக்கம் அணுக்கரு இணைவு மின்நிலையம் வரலாம் என்றதும் சந்திரம்மாவுக்கு ஒரே நினைப்புதான். குவைத்தில் டிரைவராக இருக்கும் மகன் யஸ்வந்த், குடும்பத்தோடு இங்கேயே வேலைக்கு வந்துவிடுவான்.

அந்த மின்நிலையத்துக்காக ஆள் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள்.

"வீட்ல எத்தினி பேரும்மா?"

சந்திரம்மா தனி ஆள். ஆனால் பஞ்சாயத்துத் தலைவர், சர்பஞ்ச் ரங்கையா முந்தின நாளே தெருத்தெருவாகச் சொல்லியிருந்தார்: "தல ஜாஸ்தி இருந்தாத்தான் ஊருக்கு எதுவும் வரும். தார் ரோடு அப்படித்தான் வந்துச்சு. வெளியூர் போனவங்களயும் சேத்துச் சொல்லுங்க."

"அஞ்சு பேரு. நானு, பையன், மருமக, ரெண்டு பிள்ளைங்க."

"எல்லாரும் இங்கதான் இருக்கறாங்களா?"

"பின்ன? பையன் கழனிக்குப் போயிக்கிறான்."

வாசலில் ஒரு ஜோடி செருப்புதான் கிடந்தது. அந்தப் பெண் அதைப் பார்த்தாள். ஐந்து என்றே எழுதிக்கொண்டாள்.

மின்நிலையத்துக்குப் போட்டியில் இருந்த இன்னொரு ஊரில் மொத்தமே எழுபது பேர்தான் என்று கேள்விப்பட்டு ரங்கையா சிரித்தார். "அங்க பொய் சொல்றதுக்குக்கூட ஆளு இல்ல."

மூன்று மாதம் கழித்து, மின்நிலையம் அந்த ஊருக்கே போனது. பஞ்சாயத்து ஆபீசுக்கு வந்த தெலுங்குக் கடிதத்தை ரங்கையா தமிழில் சொன்னார்.

"விபத்து நடந்தா எத்தினி பேருக்கு ஆபத்துன்னு பாக்கத்தான் அந்தக் கணக்காம். நம்ம ஊர்ல ஜனம் ஜாஸ்தியாம்."

"இங்க யாருக்கு ஆபத்தாம்?" என்றாள் சந்திரம்மா.

ரங்கையா கடிதத்தை மடித்தார்.

"உம் பையனுக்குத்தான்."