உம் கொட்டுகிறவர்

"என் பொண்டாட்டி நேத்து சாயங்காலத்துல இருந்து பேச்சை நிறுத்தல" என்றார் மூட்டைக்காரர்.

சாப்பாட்டுக் கொட்டகை கொல்லென்று சிரித்தது.

"எந்த வீட்டுலண்ணே நிறுத்தியிருக்காங்க? பெரிய அதிசயத்தைச் சொல்ல வந்துட்டார்!" கிரேன் ஓட்டுகிற கொக்கு நீண்ட கழுத்தைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான்.

மூட்டைக்காரர் சிரிக்கவில்லை. காலையில் வேலைக்கு வராதவர் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து நின்றார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. மணிக்கட்டில் நகம் பதிந்த தடம்.

கிடங்கில் அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சாப்பிட்டானதும் ஒவ்வொருவராக, இப்போது என்ன புத்தகம் கையில் இருக்கிறது, எது வரை வந்திருக்கிறோம், பிடிக்கிறதா என்று சொல்ல வேண்டும். எல்லாரும் தலை நரைத்த பிறகு ஒரே வகுப்பில் எழுத்துப் படித்தவர்கள். பேசாமல் விட்டால் படித்தது கையைவிட்டுப் போய்விடும் என்று வாத்தியாரம்மா பயமுறுத்திவிட்டுப் போயிருந்தார். முடிவை மட்டும் யாரும் சொல்லக் கூடாது. சட்டம் அது ஒன்றுதான்.

"அந்தப் பச்சை அட்டைப் புத்தகம். முடிச்சிட்டேன்" என்றார் மூட்டைக்காரர்.

சிரிப்பு நின்றது. சாக்குகளின் வாயைத் தைக்கிற பெண், கோணியூசி என்று எல்லாரும் கூப்பிடுகிறவள், வாய்க்குக் கொண்டுபோன கையைக் கீழே இறக்கினாள்.

புத்தகத்தை அவருக்குக் கொடுத்தவள் அவள்தான். அவளுக்குக் கொடுத்தவன் கொக்கு. 'அருமையான கதை, கீழே வைக்க மனசே வராது' என்று சொல்லித்தான் ஒவ்வொருவரும் அடுத்தவர் கையில் திணித்தார்கள்.

மூட்டைக்காரருக்கு மனசுக்குள் படிக்க வராது. வரிக்கடியில் விரலை ஓட்டி, எழுத்தெழுத்தாக, சத்தம் போட்டுத்தான் படிப்பார். முன்னறையில் அவர் படிக்க, சமையலறையில் மனைவி வேலையாக இருப்பாள். கொஞ்ச நாளிலேயே ஒவ்வொரு வரிக்கும் ஒரு 'ம்' வர ஆரம்பித்தது.

அவருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. எழுத்தே தெரியாத மனுஷி, காது கொடுத்துக் கேட்கிறாளே! ஆயுசெல்லாம் முதுகில் மூட்டை சுமந்தவனிடம் கேட்பதற்கு இதுவரை என்ன இருந்தது? இடுப்பு வலியை மறந்து படித்தார்.

நேற்றுக் கடைசி வரியைப் படித்துவிட்டு அட்டையை மூடினார்.

'அப்புறம்?' என்றது குரல்.

மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவர் எதிரிலேயே நின்றிருந்தாள். உதடு மூடியிருந்தது.

அவர்தான் கேட்கிறார் என்று அவள் நினைத்துவிட்டாள். "அப்புறம் என்ன அப்புறம்? இனிமே நான் பொறந்து வளர்ந்த கதையைத்தான் சொல்லணும்" என்று கேலியாக ஆரம்பித்தாள்.

'ம்.'

ஆரம்பித்தவளால் நிறுத்த முடியவில்லை. மூச்சு வாங்க நின்றால் 'அப்புறம்?' வந்துவிடும். விடிந்தும் அவள் வாய் ஓயவில்லை. அவர் தண்ணீர் டம்ளரை அவள் உதட்டில் வைத்தபோது ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் ஒரு மடக்கு விழுங்கினாள். அவர் கையை இறுகப் பிடித்திருந்தாள். சற்றுமுன் அந்தப் பிடி அசந்து தளர்ந்த நேரம் பார்த்துத்தான் ஓடி வந்தார்.

"சட்டம் கிடக்கட்டும். முடிஞ்சதும் அது கேட்டிருக்குமே, நீங்கள்லாம் என்ன சொல்லி நிறுத்தினீங்க?" என்று நடந்ததைச் சொல்லி முடித்துக் கேட்டார் மூட்டைக்காரர்.



"யாருமே முடிக்கலண்ணே" என்றாள் கோணியூசி. "'ம்' சத்தம் கேக்க ஆரம்பிச்சதும் கைமாத்தி விட்டுட்டோம். நீங்க எழுத்துக்கூட்டிப் படிக்கிறவரு, எங்க முடிக்கப் போறீங்கன்னு நெனச்சுட்டோம்."

அவர் திட்டவில்லை. திட்ட நேரமில்லை.

அவர் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது மனைவி இளைய மகளின் கல்யாணம் வரை வந்திருந்தாள். அதற்குப் பிறகு என்ன இருக்கிறது? வெறிச்சோடிப்போன வீடு. அவர் வகுப்புக்குப் போனது. இந்தப் புத்தகம். நேற்று. அதற்கு மேல் அவளிடம் கதை இல்லை.

கதை தீர்ந்த பிறகும் அது கேட்டால்?

கோணியூசி தன் போனில் அவர் வீட்டு எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு, தூக்குவாளிகளுக்கு நடுவில் வைத்தாள்.

வெகு நேரம் அடித்தது. பிறகு தொண்டை கட்டி, காய்ந்துபோன குரல்.

"...கதவைக்கூடச் சாத்தாம ஓடினார். நான் சுவத்தைப் பாத்து உக்காந்திருந்தேன். போன் அடிச்சுது. எழுந்து வந்து எடுத்தேன்."

அவ்வளவுதான்.

போனில் அவள் வாய் திறந்து திறந்து மூடுவது கேட்டது. சொல் வரவில்லை.

'அப்புறம்?'

அவளுக்கு மிகப் பக்கத்தில், அவசரமே இல்லாத குரல்.

மூட்டைக்காரர் மண்டியிட்டார். கொக்கு அவர் தோளைப் பிடித்து இழுத்தான். ஆயிரம் மூட்டை ஏறிய தோள், அசையவில்லை. போனுக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோனார்.

"அப்புறமா?" என்றார். "அவளை விடு. என் கதையைக் கேளு. நான் பொறந்தது ஒரு அடைமழையில."

போனுக்குள் அவள் ஓவென்று அழ ஆரம்பித்தது கேட்டது.

'ம்' கேட்டது கொட்டகைக்குள்.