அசல் சிப்பின் நடுக்கம்

கண்களைக் கட்டியாயிற்று. "கையையும் பின்னால கட்டிடலாமாக்கா?" என்று ஆசையாகக் கேட்டான் மச்சினன்.

"வேணாம்டா, பாவம். எங்க ஓடிடப்போறாரு?" என்றாள் மனைவி. "கடைசியா ஏதாவது சொல்லணும்னா சொல்லிருங்க."

ஊரில் பாதிப் பேருக்குக் கண்ணாடி மாட்டிவிடுகிற கடைக்காரன், இன்று மனைவியின் துப்பட்டாவுக்குள் இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். பயம் இல்லை. சிரிப்புதான் பொங்கியது. "எனக்குக் காது போதும். ஆரம்பிங்க!"

பந்தயம் இதுதான். படுக்கையறை மேசையை முழுசாக அடைத்துக்கொண்டு ஒரு பழைய கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. அவனைவிட அதற்கு வயது அதிகம். கடையை மூடிவிட்டு வந்தால் அதற்குள் சத்தம் எழுப்புகிற சிப்பில் பீப் பீப்பென்று பாட்டுக் கட்டுவதுதான் அவனுக்கு உயிர்.

மனைவிக்கு அந்த மேசை வேண்டும். கேக் செய்து விற்பதற்காக வாங்கிய ஓவன், பெட்டியைக்கூடப் பிரிக்காமல் ஹாலில் கிடக்கிறது. வெப்சைட் கட்டுகிற மச்சினனோ, அந்தச் சிப்பின் சத்தத்தை அப்படியே பிரவுசரில் கொண்டுவந்துவிட்டதாகச் சொல்கிறான். ஒரே மெட்டு இரண்டு முறை ஒலிக்கும். எது அசல் சிப் என்று கண்டுபிடித்துவிட்டால் கம்ப்யூட்டர் மேசையில், இல்லாவிட்டால் பரணில்.

"மாமா, குத்துமதிப்பா அடிச்சு விடக்கூடாது. காரணம் சொல்லணும்," என்றான் மச்சினன். "லிங்க்கைத் தட்டினா உலகத்துல யாரு வேணும்னாலும் போன்ல கேக்கலாம். நீங்க இன்னும் கேசட்டைச் சுத்திக்கிட்டு இருக்கீங்க!"

"அடேய், உன் வெப்சைட்டுல 'குக்கீ ஏத்துக்கிறீங்களா'ன்னு ஒரு பொட்டி வந்து பாதித் திரையை மறைக்குதே, அது பிடிக்கிற மெமரியில என் கம்ப்யூட்டர் ஒரு கச்சேரியே பண்ணும். மூணே மூணு குரல்தான் வரும். அதுக்குள்ள ஒரு உலகத்தைக் கட்டணும். அதுதான்டா கலை!"

"எனக்கு ரெண்டுமே கொசுதான். போடுடா," என்றாள் மனைவி.

முதல் முறை ஒலித்தது. அவன் கட்டிய முதல் மெட்டு அது. ஒற்றைக் குரல்தான், ஆனால் மூன்று குரல்கள் ஒன்றாகப் பாடுகிற மாதிரி சுரங்களை அதிவேகமாக உருட்டிவிடும். கல்யாணமான நாளிலிருந்து தினமும் சாயங்காலம் அதைப் போட்டுத்தான் சிப்பைச் சோதிப்பான்.

மெட்டு முடியும்வரை மனைவி வாயை மூடவே இல்லை. "ஐயோ, காதுக்குள்ள பூந்து குடித்தனம் நடத்துதே! இது முடியுமா, முடியாதா? பக்கத்து வீட்டு நாய் குலைக்குது பாருங்க!"

"அடுத்தது," என்று நகர்ந்தான் மச்சினன். தடால் என்று ஒரு சத்தம்.

"என்னடா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல மாமா, கால் தடுக்கிடுச்சு. கட்டை அவுத்துராதீங்க!"

ஏதோ குசுகுசுப்பு. சமையலறைப் பக்கம் ஏதோ கிணுங்கியது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. "அவசரப்படுத்தாதீங்க," என்றான் அவன் பெருமையாக. "பாட்டு கேசட்டுல இருந்து கம்ப்யூட்டர்ல ஏறணும்ல? மெதுவாத்தான் முழிக்கும்."

முழித்தது. முதல் சுரத்திலேயே அவனுக்குப் புல்லரித்துவிட்டது.

அதே மெட்டுதான். ஆனால் உச்சிக்கு ஏறும்போது லேசாக நடுங்கியது. இரண்டு வரிக்கு ஒருமுறை எதிலோ தடுக்கி, சுதாரித்துக்கொண்டு மறுபடி ஓடியது. அடியில் தகரத்தைத் தட்டினாற்போல ஓர் அதிர்வு. வாய் ஓயாத மனைவியிடமிருந்துகூட ஒரு வார்த்தை வரவில்லை. அவளையே வாயடைக்க வைத்துவிட்டதே என் தங்கம் என்று அவன் உருகிப்போனான்.

கடைசிச் சுரம் அடங்குவதற்குள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "ரெண்டாவது! ரெண்டாவதுதான் அசல்!"

"காரணம்?" மச்சினனின் குரல் ஒரு மாதிரி நடுங்கியது. தோற்கப்போகிறவனுக்கு நடுங்காதா பின்னே?

"முதல்ல வந்தது ஆஸ்பத்திரித் தரை மாதிரி சுத்தமா இருந்துச்சு. சுத்தமா இருந்தா செத்த சத்தம்னு அர்த்தம். இது தடுக்கி விழுந்துச்சு பாரு, எழுந்துச்சு பாரு, அந்தத் தகர ருசி... இதையெல்லாம் எந்தப் பிரவுசராலயும் பண்ண முடியாதுடா. உலகத்துல வேற எதாலயும் முடியாது. என் சிப்பால மட்டும்தான் முடியும்!"

வெற்றிக் கொடியைப் போலத் துப்பட்டாவை உருவி வீசினான்.

கம்ப்யூட்டரின் பிளக் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு தரையில் கிடந்தது. திரை கறுப்பாக இருந்தது. மச்சினன் தலையணையைக் கடித்துக்கொண்டு கட்டிலடியில் உருண்டுகொண்டிருந்தான்.

மேசையோரம் முகமெல்லாம் சிவந்துபோய் நின்றிருந்தாள் மனைவி. வாயோடு சேர்த்துப் பிடித்திருந்த காலி டம்ளரை மெல்ல இறக்கி, அவனிடம் நீட்டினாள்.

"என்னங்க, இதுல கொஞ்சம் தண்ணி ஊத்துங்களேன், தொண்டை காஞ்சுபோச்சு."