வசனமில்லாத காட்சி

அது ஒரு அனிமேஷன் திகில் படம். இளம் பாடகி ஒருத்தி தனியாக உடை மாற்றுகிறாள். கதவிடுக்கு வழியாக எவனோ பார்க்கிறான். "இன்னும் கொஞ்சம் கிட்ட போங்க" என்று இயக்குநர் ஒரு தடவைதான் சொன்னார். படம் வரைந்தவரோ தன் இஷ்டத்துக்கு மேலும் கிட்டே போனார். தோளிலிருந்த உடையையும் நழுவவிட்டார். வசனம் கிடையாது என்பதால் அவள் வாயை மூடியே வரைந்தார்.

குரல்பதிவு அன்று, பாடகிக்குக் குரல் கொடுக்க வந்த பெண் படத்தை நிறுத்தச் சொன்னாள்.

"சார், இங்க உதடு அசையுது. டயலாக் எதுவும் இல்லையே?"

இயக்குநர் திரும்பி, பின்னால் நின்றிருந்த வரைந்தவரைப் பார்த்தார்.

"சத்தியமா நான் வரையல சார்."

"சரி விடுங்க" என்ற இயக்குநர் அவள் பக்கம் திரும்பினார். "உதட்டைப் பார்த்து நீயே பொருத்தமா ஏதாவது பேசும்மா."

அதில் அவள் கெட்டிக்காரி. காட்சி மறுபடி ஓடியது. திரையிலிருந்த பாடகியின் உதடுகளோடு அவள் குரல் அச்சு அசலாகச் சேர்ந்துகொண்டது.

"போதும்ணா. அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க."

"பிரமாதம்!" என்றார் இயக்குநர். "ஆனா அண்ணன்னு யாரைம்மா சொல்றா?"

வரைந்தவர் அதற்குள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தார்.