தண்ணீர் போக ஒரு வழி

திருப்புளியை வைத்து அழுத்தினார். பலகைக்குள் பிடி வரைக்கும் இறங்கியது.

டீயில் நனைந்த ரஸ்க் மாதிரி இருந்தது தரை.

கமோடைக் கழற்றிப் புல்வெளியில் வைத்தாயிற்று. வெயிலில் அது யாரோ விருந்தாளிக்குப் போட்ட நாற்காலி போல உட்கார்ந்திருந்தது.

அவர் பழுது பார்த்துக்கொண்டிருந்தது, காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகும் டிரெய்லர் வீடு. அதன் குளியலறையில் ஓர் ஆள் மண்டியிட்டால் கதவைச் சாத்த முடியாது. கால்கள் வெளியே நீட்டியிருக்க, தரையின் வினைல் விரிப்பை மெல்ல உரித்தார்.

போன இலையுதிர்காலத்தில் ஏரிக்கரையில் மூன்று குடும்பங்கள் முகாம் போட்டிருந்தன. அங்கேதான் அவர் மனைவி பூங்கோதை உட்கார்ந்ததும் இந்தக் கமோடு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவள் போட்ட சத்தத்தில் எல்லோரும் ஓடி வந்தார்கள். அடி ஒன்றும் இல்லை. உன் மனைவிக்கு இரும்பில் ஒன்று வார்த்துப் போடு என்றார் நண்பர் சென்னியப்பன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

குளிர்காலம் முழுக்க அவள் ராத்திரிச் சோற்றைத் தொடவில்லை. கோடைப் பயணப் பேச்சை எடுத்தால், நீங்கள் போய்விட்டு வாருங்கள், என் கனம் உங்கள் வண்டிக்கு ஆகாது என்று எழுந்து போய்விடுவாள்.

ஒஹையோவுக்கு வந்ததிலிருந்து ஆபீஸும் வீடும் என்றே ஓடியவர்கள். ஓய்வு பெற்றதும் இந்தப் பழைய வண்டியை வாங்கியதே சேர்ந்து ஊர் பார்க்கத்தான்.

தனியாகப் போய் எந்த மலையைப் பார்ப்பது?

விரிப்பு முழுசாக வந்தது. கறை தெரிந்தது.

கமோடின் குழாய் ஒழுகியிருந்தால் குழாயைச் சுற்றி வட்டமாக உளுத்திருக்கும். அங்கே மரம் காய்ந்து கெட்டியாக இருந்தது. கறை கதவோரம் தொடங்கி, சுவரை ஒட்டி ஓடி, கமோடின் இடப்பக்கம் வந்து தேங்கியிருந்தது.

கனத்தில் உடைந்த பலகை என்றால் விரிசல் இருக்க வேண்டும். எங்கேயும் இல்லை. ஊறி ஊறி மெத்தென்று ஆகியிருந்தது. ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தாலும் சாய்ந்திருக்கும்.

எழுந்தார். இதை இப்போதே அவளிடம் சொல்ல வேண்டும்.

சமையலறைப் படி வரைக்கும் போனவர் நின்றுவிட்டார்.

தண்ணீர்.

இரண்டு கோடையாக, வண்டியில் போன இடத்திலெல்லாம், குளித்து முடித்ததும் ஒரு வாளி பிடித்து, மக்கில் மோந்து மோந்து ஊற்றித் தரையைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வெளியே வருவாள். கோபிசெட்டிப்பாளையத்தில் அவள் அம்மா வீட்டில் பழகியது. அமெரிக்காவில் குளியலறைத் தரையில் தண்ணீர் போக வழி கிடையாது. வீட்டில் துணியால் ஒற்றி எடுப்பாள். வண்டியிலோ ஊற்றிய தண்ணீர் தானாகவே எங்கேயோ போய்விட்டது. வீட்டைவிட இது பரவாயில்லை என்று அவள் மெச்சியிருக்கிறாள்.

போன இடம் இதுதான்.

உன் கனம் இல்லை என்று சொன்னால், உன் தண்ணீர் என்றும் சொல்ல வேண்டிவரும். வாளியை விட்டுவிடு என்று கேட்கலாம். விட்டுவிடுவாள். அப்புறம் கழுவாத தரையில் கால் வைக்க மாட்டாள்.

திரும்பி வந்து மண்டியிட்டார்.

உளுத்ததை அறுத்தெடுத்தார். புதுப் பலகை பதித்தார். இணைய வீடியோக்களில் செய்துகாட்டிய ஆட்கள் அதன்மேல் வினைலை ஒட்டி, புதுக் கமோடை இறுக்கி, கையைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அவர் கடைக்குப் போனார். ஷவருக்கு அடியில் விரிக்கிற ஃபைபர் தகடு ஒன்றும், ஒரு வடிகால் மூடியும் கேட்டார். கமோடு நிற்கிற தரையில் எதற்கு ஓட்டை என்று கடைப் பெண் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

எங்கள் வீட்டில் அப்படித்தான் என்றார்.

தகட்டை மூலையைப் பார்த்துச் சரிவாகப் பதித்து, மூலையில் ஓட்டை போட்டு மூடியை வைத்தார். ஒரு கொண்டைக்கடலையை உருட்டிப் பார்த்தார். எங்கிருந்து விட்டாலும் மூலைக்கே ஓடியது.

புதுக் கமோடு ஏறி உட்கார்ந்த பிறகு அவளைக் கூப்பிட்டார்.

மாவுக் கையோடு வந்து வாசலிலேயே நின்றாள். அவர் கமோடின் மூடிமேல் உட்கார்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக் காட்டினார். அசையவில்லை.

"இதுக்கு முன்னால வெச்சிருந்தவன் பண்ணுன கூத்து. தண்ணிய ஊத்தி ஊத்திப் பலகைய ஊற வெச்சுப்போட்டான். உன்ற கனத்துக்கும் இதுக்கும் ஒண்ணுமில்ல."

வண்டியை விற்றவர் பக்கத்து ஊரில் வாத்தியாராக இருந்த வெள்ளைக்காரர். வண்டியைக் காட்டும்போது, தரை அழுக்காகாமல் இருக்க இவர்கள் இருவரையும் செருப்பைக் கழற்றச் சொன்னவர்.

அவள் தரையைப் பார்த்தாள். சரிவைப் பார்த்தாள். மூலையிலிருந்த வடிகால் மூடியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏனுங்க, அந்த வெள்ளக்காரன் வாளியில மோந்து ஊத்தித்தான் கழுவுனானாக்கும்?"

அவர் ஸ்பானரைத் துணியால் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார்.

அவரை எழுப்பி வெளியே அனுப்பிவிட்டு அவள் உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

அவர் இறங்கி வண்டிக்கு வெளியே நின்றார். பக்கத்து வீட்டில் யாரோ புல் வெட்டுவதை நிறுத்தினார்கள்.

"இங்க ஒரு கொக்கி இல்லீங்களே. போற எடத்துல மாத்துத் துணிய எங்க போடறதாம்?"

எங்கே வேண்டும் என்று கேட்டார்.

அவள் உள்ளிருந்து சுவரைத் தட்டினாள்.

அவர் வெளிப்பக்கம், தட்டிய இடத்தில், உள்ளங்கையை வைத்தார்.