சொல்லாமல் போகிறவர்கள்

பலவேசம் டீயைக் குடித்து முடித்தான். கிளாஸைப் பலகையில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனான். லோடு ஆட்டோவை எடுக்கும்போதுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

சுடலைமணி வடிகட்டியும் கையுமாக நின்றார். இன்றைக்குப் பால் திக்காகத்தான் இருந்தது. ஏலக்காய்கூடத் தட்டிப் போட்டிருந்தார்.

மனைவி உலகம்மாள் போய்ச் சேர்ந்து, பதினாறாம் நாள் காரியமும் முடிந்து, இலஞ்சிக்குப் பாதை பிரியும் விலக்கில் டீக்கடையை மறுபடி திறந்து இது நாலாவது நாள். இருபது வருஷமாக இந்தப் பாய்லரில் டீ போட்டது அவள் கை. விடியுமுன் வந்தால், கடைசி கிளாஸைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் நகர்வாள். அவருக்கு வடை சுடுவதோடு சரி.

ஆள் வராமல் இல்லை. சாரலுக்கு ஒதுங்கிப் பெஞ்சு நிறைய உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் பேச்சில்லை. தரையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

முன்பெல்லாம், "மயினி, இது டீயா, அருவித் தண்ணியா?" என்று பலவேசம் கத்துவான். "குத்தாலத்துல போயி வாயத் தொறந்துகிட்டு நில்லு. ஓசியில கெடைக்கும்" என்பாள் உலகம்மாள். பெஞ்சே குலுங்கும்.

நேற்று மெக்கானிக் அஹ்சனுக்குச் சீனி போட மறந்துவிட்டார். அரைக் கரண்டி குறைந்தாலே கிளாஸைத் திருப்பி நீட்டுகிறவன் அவன். சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டு, அவனும் சொல்லாமல் போனான்.

டீ வாயில் வைக்கும்படி இல்லை, முகத்துக்காக வந்துபோகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். எத்தனை நாளைக்கு வருவார்கள்? எதிரே புதுக் கடை வேறு வந்திருக்கிறது. இவர்களும் அங்கே போய்விட்டால், பகல் முழுக்க அந்த வீட்டுக்குள் தனியாக உட்கார்ந்து என்ன செய்வது?

சாயங்காலம் பலவேசம் மறுபடி வந்தான். மறுபடி சொல்லாமல் எழுந்தான். அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏலே, நில்லு. டீ நல்லால்லன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லு. 'வாரேன் அண்ணாச்சி'ன்னு ஒரு வார்த்த சொன்னா வாயில உள்ள முத்தா உதிந்துரும்? நாளையோட அடைச்சிப் போட்டுட்டுப் போயிருதேன்."

பலவேசம் பதறிப்போனான். "டீக்கு என்ன அண்ணாச்சி கொறச்சல்? சாவு விழுந்த துஷ்டி வீட்டுல இருந்து எந்திரிக்கும்போது 'வாரேன்'னு சொல்லப்படாதுல்லா?"

"துஷ்டி வீடா? அதுக்குப் பதினாறும் கழிஞ்சாச்சு. வீடு அங்கன கெடக்கு. இது கடைலே!"

பலவேசம் பாய்லர் பக்கம் பார்க்காமல், மெதுவாகக் கேட்டான்:

"மயினி என்னைக்கு, அண்ணாச்சி, வீட்டுல இருந்தாவ?"